இரண்டு வீட்டுக்கு ஒரு பெட்டி

கெங்கம்மாவிடம் கேரம் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் இதை அறியாதவர் கிடையாது. புளியந்தோப்பில் அண்ணன்மாரோடு சண்டை போட்டு ஆடிப் பழகிய கை அது. நாற்பத்தைந்து தாண்டியபிறகு அந்தக் கையைக் கொண்டுபோய், பெசன்ட் நகரில் படுக்கையில் கிடக்கும் ஓர் அம்மாளுக்குச் சோறு ஊட்டுகிற வேலையில் வைத்தார். அங்கேயே தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு. கணவர் பீம்ராவ் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வாயில்லாப் பூச்சி.

ஏப்ரலில் அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி எங்கள் தெருவில் கேரம் போட்டி நடக்கும். கோப்பையை மூன்று வருடமாக விம்கோ நகர் மளிகைக் கடைக்காரர் அய்யாத்துரைதான் கொண்டுபோகிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தங்கமான மனிதர். ஆனால் போர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டால் பெற்ற தாயென்றும் பார்க்க மாட்டார். இந்த வருடம் கெங்கம்மா பெயர் கொடுக்கப் போனபோது போட்டி நடத்தும் மன்றத்தில் சிரித்தார்கள்.

"இன்னாக்கா, நீதான் ஆயா வேலைக்குப் பூட்டியே. கை பயக்கமே வுட்டுப் போயிருக்கும். சொம்மா குந்தி வேடிக்க பாரு," என்றார் மன்றத் தலைவர்.

கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் கெங்கம்மா நாலு கேள்வி கேட்டுவிட்டு மறந்திருப்பார். தலைவரோ அக்கறையாகச் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது. இனிமேல் நான் ஆட்டக்காரி இல்லையா, வெறும் ஆயாதானா என்ற கேள்வி கெங்கம்மாவைப் பிடித்துக்கொண்டது. தன் பெயரை எழுத வைத்துவிட்டுத்தான் இடத்தை விட்டு நகர்ந்தார்.

கெங்கம்மாவின் ஆட்டங்களை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தார்கள். மற்றவை தினமும் சாயங்காலம். போர்டுக்கு மேலே கேமராவைக் கட்டித் தொங்கவிட்டு உள்ளூர் கேபிள் சேனலில் காட்டுவார்கள். ஆட்டக்காரர் முகம் தெரியாது, போர்டும் கைகளும்தான். விட்டால் பிறகு எங்கேயும் பார்க்க முடியாது. அதனால் பீம்ராவ் எல்லாவற்றையும் வீட்டு செட்டாப் பெட்டியில் பதிவு செய்துவைத்தார். அதோடு விடாமல், ரிச்சி தெருவில் பழைய கருவி ஒன்றை வாங்கிவந்து பெட்டியோடு மாட்டினார். பெட்டியில் ஓடுவது அப்படியே கெங்கம்மாவின் ஃபோனில் தெரியும். ஃபோனிலிருந்தே அதை ஓட்டவும் நிறுத்தவும் முடியும். பெசன்ட் நகர் அம்மாள் மத்தியானம் கண்ணயர்ந்ததும் கெங்கம்மா பால்கனியில் உட்கார்ந்து அய்யாத்துரையின் ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பார்.

ஒன்றை மட்டும் இருவரும் யோசிக்கவில்லை. எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளில் இருக்கிற ஏற்பாடுதான். அந்தப் பெட்டியிலிருந்து ஓர் ஒயர் சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு ராமசெல்வியின் டிவிக்குப் போகிறது. கேபிள் காசு ஆளுக்குப் பாதி. பெட்டி ஒன்று என்றால் படமும் ஒன்றுதான். மத்தியானம் ராமசெல்வி சீரியல் பார்க்கிற நேரம்.

மருமகள் குடிக்க வேண்டிய பாலில் மாமியார் எதையோ கலந்துகொண்டிருந்தாள். திடீரென்று திரை முழுக்கக் கேரம் போர்டு. ராமசெல்வி பதறிப்போய், தன்னிடம் இருந்த சாவியால் பீம்ராவ் வீட்டைத் திறந்து ரிமோட்டை அமுக்கினாள். பெசன்ட் நகரில் போர்டு மறைந்து மாமியார் வந்தாள். கெங்கம்மா ஃபோனை அமுக்கினார். வியாசர்பாடியில் மாமியார் மறைந்து போர்டு வந்தது. நாலு முறை இப்படி ஆனபிறகு கெங்கம்மா ராமசெல்விக்கு ஃபோன் போட்டார்.

"இன்னாமே, ரிமோட்ட வெச்சிகினு வெளாட்றியா? கீய வெய்யி!"

"அக்கா, அந்தப் பால அவ குட்ச்சாளா இல்லியான்னு தெரியாம எனக்கு மண்டை காயுது!"

"அவ நாளிக்கும் குடிப்பா, நாளன்னிக்கும் குடிப்பா. எனக்கு ஞாயித்துக்கெயம ஆட்டம் கீது!"

ஒரு வாரம் இந்தப் போர் நடந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது பீம்ராவின் கதை. கடைசியில் மனைவியின் உத்தரவுப்படி ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். ராமசெல்வி டிவியை அணைத்திருக்கலாம். வீம்புக்காரி, அணைக்கவில்லை. பாதிக் காசு கட்டியிருக்கிறோமே என்று, வெங்காயம் உரித்துக்கொண்டே கேரம் போர்டை முறைத்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து அவளே கெங்கம்மாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, திட்டாம கேளு. அந்த மளிகைக் கடைக்காரருக்குக் கட்ட விரல்ல இன்னா கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லியே. ஏன்?"

"நீ சின்ன ஃபோன்ல காயின மட்டும் பாத்துகினு கீற. எனக்குக் காயின் பத்தி இன்னா தெரியும்? டிவில கை பெருசா தெரியுது, கையத்தான் பாத்தேன். தன் பக்கத்து கோட்டுக்குப் பின்னால கெடக்கற காயின எல்லாரும் கட்ட விரலால தட்றாங்க. இவரு மட்டும் அந்த விரல மடக்கியே வெச்சிகீறாரு."

கெங்கம்மா ஃபோனை வைத்துவிட்டு, பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்டினார். உண்மைதான். தன் கோட்டுக்குப் பின்னால் காயின் கிடந்தால் அய்யாத்துரை ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் அடித்து, திரும்பி வரவைத்துப் போடுவார். அதைப் பார்த்துத்தான் ஊரே கைதட்டியது. கட்டை விரல் ஆட்டம் அவருக்கு வரவே வராது என்பதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே பீம்ராவுக்கு உத்தரவு போனது: "ரிமோட்ட எட்த்து அவ கைல குடு. அவ சீரியல் பாக்கட்டும், பாவம்." ஆனால் ராமசெல்வி இப்போது சீரியல் பார்க்கத் தயாராக இல்லை.

ஞாயிறுக்கு ஞாயிறு ஜெயித்து கெங்கம்மா இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார். எதிரே அய்யாத்துரை. முதல் ஆட்டம் அவருக்கு, இரண்டாவது கெங்கம்மாவுக்கு. மூன்றாவது ஆட்டத்தில் புள்ளிகள் சமமாகி, கடைசி போர்டு வந்தது. ரெட்டு ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. அய்யாத்துரைக்கு ஒரே ஒரு கறுப்பு, அதுவும் பாக்கெட் வாயில். கெங்கம்மாவுக்கு இரண்டு வெள்ளை. ஒன்று சுலபமான இடத்தில், மற்றது நடுவில். அது தவறினால் அய்யாத்துரை கறுப்பைப் போட்டு முடித்துவிடுவார்.

முறை கெங்கம்மாவுடையது. சுலபமான வெள்ளையைப் போடுவார் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவர் கறுப்பைத் தட்டினார். அது பாக்கெட் வாயை விட்டு நகர்ந்து, அய்யாத்துரையின் கோட்டுக்குப் பின்னால், அவர் மடிக்கு நேராகப் போய் நின்றது. நடுவிலிருந்த வெள்ளை, ஸ்ட்ரைக்கர் அடித்துத் திரும்பி வருகிற வழியை மறித்துக்கொண்டிருந்தது.

"அய்ய, கைக்கு வந்தத வுட்டுட்டியேக்கா!" என்று மன்றத் தலைவர் தலையில் கை வைத்தார். ராமசெல்வி மட்டும் எழுந்து நின்றுவிட்டாள்.

அய்யாத்துரை போர்டைப் பார்த்தார், கெங்கம்மாவைப் பார்த்தார். கட்டை விரலை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். வேறு வழியில்லாமல் தட்டினார். ஸ்ட்ரைக்கர் நேராகப் பாக்கெட்டுக்குள் போய் விழுந்தது. மைனஸ். அவருடைய இன்னொரு காயினை வெளியே எடுத்து நடுவில் வைத்தார்கள். கெங்கம்மா ஸ்ட்ரைக்கரை வைத்தார். ஒரு வெள்ளை உள்ளே. அடுத்த வெள்ளையும் உள்ளே.

தெருவே கத்தியது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன், அதில் எனக்கு வெட்கமில்லை. மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார்கள்.

"யம்மா, மூணு வருசமா எவனும் என் பெருவெரலப் பாக்கல. நீங்க எப்பிடிப் பாத்திய?" என்று அய்யாத்துரை கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"நா எங்க பாத்தேன் அண்ணாச்சி? தோ நிக்கறா பாரு ராமசெல்வி, அவதான் பாத்தா."

கோப்பையை அய்யாத்துரையே எடுத்துக் கொடுத்தார். மன்றத் தலைவர் மைக்கை நீட்டி, "சாம்பியன் ரெண்டு வார்த்த பேசணும்," என்றார். கெங்கம்மா கோப்பையை பீம்ராவ் கையில் திணித்துவிட்டு, போர்டில் பவுடரைத் தூவிக் காயின்களை அடுக்க ஆரம்பித்தார்.

"பேச்சுல இன்னா கீது? அட்த்து யாரு குந்தறீங்க?"

அய்யாத்துரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.