சேறு படிந்த காற்சட்டைக்குக் கிடைத்த இடம்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஒஸ்லோவில் இருந்த ஒரு தமிழ்க் கிரிக்கெட் கழகத்துக்குச் சில கோடைகள் ஓட்டக் கணக்கு எழுதினேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை செய்தவன் என்பதால் அந்தக் கணக்கு மேசை என்னிடம் வந்து சேர்ந்தது. மேசையில் இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. யார் ஓட்டம் எடுத்தார் என்பதும், யார் எடுத்ததாக நம்பப்படுகிறது என்பதும் அவனுக்கு ஒரே நேரத்தில் தெரியும்.

எங்கள் முகாமையாளருக்கு இரண்டாவது மட்டுமே தெரியும். நகரின் கிழக்கே புருசெத்தில் குடியிருந்தவர். ஊரில் கல்லூரி அணிக்கு ஆடியவர், அல்லது ஆடியதாகச் சொன்னவர். ஆட்டம் முடிந்ததும் அவர் கண் நேரே காற்சட்டைகளுக்குப் போகும். முழங்காலில் புல்லின் பச்சையும் சேறும் இருந்தால் அவன் வீரன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அவனுக்குக் கழகத்தில் பற்று இல்லை. அன்றைக்கு அவன் அறுபது ஓட்டம் எடுத்திருந்தாலும் அதுதான் தீர்ப்பு.

எங்கள் தொடக்கத் துடுப்பாட்டக்காரரின் காற்சட்டை எப்போதும் வெள்ளையாகவே இருந்தது. அவர் டிராம் ஓட்டுநர். துடுப்பாட்டத்திலும் தண்டவாளத்தை விட்டு விலகாதவர். நான் கணக்கு எழுதிய காலம் முழுவதும் அவருடைய சராசரி, அணியில் அடுத்து நின்றவருடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அடித்த பந்து எல்லைக்குப் போகிறது என்று தெரிந்தால் ஓடமாட்டார். களத்தடுப்பில் எட்டாத பந்துக்குப் பாயமாட்டார்.

"தம்பி, சும்மா எண்டாலும் கொஞ்சம் ஓடிக் காட்டுமன்" என்பார் முகாமையாளர்.

"பந்து கோட்டைத் தாண்டிப் போட்டுது அண்ணை. நான் ஓடினா அது திரும்பி வருமோ?"

"சனம் பாக்குதெல்லே."

"சனம் பந்தையெல்லோ பாக்குது."

நோர்வேயில் டுக்னாட் என்றொரு வழக்கம் இருக்கிறது. குடியிருப்பிலோ கழகத்திலோ உள்ளவர்கள் ஒருநாள் கூடி, கூலி இல்லாமல் முற்றம் கூட்டுவார்கள், வேலிக்கு நிறம் பூசுவார்கள். முடிவில் காப்பியும் கறுவாப் பணிசும் கிடைக்கும். அணியில் இடம் கிடைக்காது. நோர்வேக்காரர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதை நான் கண்டதில்லை. எங்கள் முகாமையாளர் குழப்பினார். வசந்தத்தில் மைதானத்துக் கல் பொறுக்க வந்தவர்கள், விளையாட்டு விழாவில் வாஃபிள் சுட்டு விற்றவர்கள் எல்லோரும் அவர் மனதில் துடுப்பாட்டக்காரர்களாகவும் உயர்ந்துகொண்டே போனார்கள். வார இறுதியில் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தவர் கீழே இறங்கிக்கொண்டே வந்தார்.

அந்த ஆண்டின் கடைசி ஆட்டத்தில் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும் என்ற நிலை. அணியைத் தெரிவு செய்ய மோர்டென்ஸ்ருட்டில் ஒரு பாடசாலை அறையில் கூடினோம். ஓட்டுநர் வேலையில் இருந்தார்.

"டுக்னாட்டுக்கு வராத ஆள் கடைசி மாட்சுக்கு மட்டும் வாறதோ?" என்று முகாமையாளர் தொடங்கினார்.

"அவர் வேலையை மாத்தி எடுத்துத்தான் மாட்சுக்கே வாறவர் அண்ணை" என்றேன்.

"பற்று இருந்தா டுக்னாட்டுக்கும் மாத்தி எடுத்திருக்கலாம்."

நான் சராசரிகளை வாசித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "நீங்கள் பேப்பர்காரர், இலக்கம் சொல்லுவியள். இலக்கம் பாயுமோ? விழுந்து பிடிக்குமோ?"

"விழாது அண்ணை. அதுதான் அதின்ரை நல்ல குணம்."

அறை சிரித்தது. சிரித்தவர்கள்தான் அடுத்த நிமிடம் முகாமையாளருக்கு ஆதரவாகக் கை தூக்கினார்கள்.

ஓட்டுநரின் இடம் ஒரு சிறுவர் பூங்கா ஊழியருக்குப் போனது. நல்ல மனிதர், நாற்பதை நெருங்கியவர், டுக்னாட்டில் கடைசிக் கல்லையும் பொறுக்கிவிட்டே வீட்டுக்குப் போனவர். களத்தில் எந்தப் பந்துக்கும் பாய்வார். தன்னைத் தாண்டிப் போன பந்துக்கும் பாய்வார்.

இந்த முடிவை ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அவர் பையோடு மைதானத்துக்கு வந்தார். "இண்டைக்கு நீர் வெளியிலை, தம்பி" என்றார் முகாமையாளர், ஆடுகளத்து விரிப்புக்கு ஆணி அடித்துக்கொண்டே. ஓட்டுநர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இண்டைக்கு என்ரை வேலையை ஒருத்தன் செய்யிறதுக்காக, அவன்ரை நத்தார் நாள் வேலையை நான் செய்யிறன் எண்டு பொறுப்பெடுத்தனான்" என்றார்.

எல்லிங்ஸ்ருட் பக்கத்து அணி எங்களுக்கு வைத்த இலக்கு பெரியதல்ல. சிறுவர் பூங்கா ஊழியர் முதல் ஓவரிலேயே பந்தைத் தடுப்பாளரின் கைக்கு நேராகத் தட்டிவிட்டு ஓடினார். பாதி வழியில் எதிர்முனைக்காரர் வேண்டாம் என்று கத்த, திரும்பிப் பாய்ந்தார். நெஞ்சால் புல்லைச் சீவிக்கொண்டு வந்து சேர்ந்தபோது விக்கெட் ஏற்கெனவே விழுந்திருந்தது. எழுந்தவரின் சட்டை முழுக்கச் சேறு. எங்கள் பக்கம் எழுந்து நின்று கை தட்டியது.

"பாத்தியளே, என்ன பாய்ச்சல்!" என்றார் முகாமையாளர் என்னிடம்.

நான் பூச்சியம் என்று எழுதினேன். பாய்ச்சலை எழுத அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை. அடுத்து வந்தவர்களும் அந்தக் கைதட்டலைக் கேட்டுவிட்டு வந்தவர்கள்தான். ஒவ்வொருவராக ஓடினார்கள், விழுந்தார்கள், திரும்பினார்கள். மாலைத் தேநீருக்கு முன்பே நாங்கள் கீழ்ப்பிரிவு அணி.

முகாமையாளர் எல்லோரையும் வட்டமாக நிறுத்திப் பேசினார். "தோத்தாலும் நெஞ்சு நிமித்தித் தோத்தம்" என்றார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான கிண்ணத்தைச் சிறுவர் பூங்கா ஊழியருக்குக் கொடுத்தார். அவர் அதை வாங்கத் தயங்கினார். அன்று அந்த மைதானத்தில் எங்களவர் ஒருவர் காட்டிய ஒரே நிதானம் அதுதான்.

பிறகு முகாமையாளர் ஓட்டுநரிடம் வந்தார். "தம்பி, விரிப்பைச் சுத்த ஒரு கை தாரும். அடுத்த வருசம் உம்மைப் பற்றி யோசிப்பம்."

"நான் யோசிச்சிட்டன் அண்ணை" என்றார் ஓட்டுநர். விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துச் சுற்றிக் கொடுத்தார். பையை எடுத்துக்கொண்டு எல்லிங்ஸ்ருட் அணித்தலைவர் நின்ற பக்கம் நடந்தார்.

அடுத்த கோடையில் அந்த அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். முகாமையாளரும் வந்து எல்லைக்கோட்டருகே நின்றார். ஓட்டுநர் மூன்றாவது பந்தைத் தள்ளிவிட்டு, துடுப்பை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றார்.

"பாருங்கோ, அசையிறானோ எண்டு!" என்றார் முகாமையாளர். பந்து எங்களைத் தாண்டிப் பற்றைக்குள் போனது. அதை எடுத்துவர அவர்தான் ஓடினார்.