மிஷினில் நான் சொல்லாமல் விட்ட குறை

நல்லதையும் கெட்டதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டவர் கொச்சியிலிருந்து வந்திருந்த கம்பெனிக்காரர். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிற சூப்ரவைசர்களுக்கெல்லாம் கையடக்கமாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் கொடுத்தவர் அவர்தான். நானும் அந்த சூப்ரவைசர்களில் ஒருத்தி. மீட்டிங்கில் நான் எழுந்து நின்று சில குறைகளைச் சொன்னேன். பெரிய குறையைச் சொல்லவில்லை. அதைத் தொண்டைக்குள்ளேயே அமுக்கிக்கொண்டதில் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கையடக்கம் என்றேன். யார் கைக்கு அடக்கம் என்பது வேறு கதை. அரைச் செங்கல் அளவு, நான்கு மூலையிலும் கறுப்பு ரப்பர், மணிக்கட்டில் மாட்ட ஒரு வார். அதைச் செய்தவன் ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும். தன் கையை வைத்து அளந்திருக்கிறான். என் கட்டைவிரல் திரையின் அந்தக் கோடிக்கு எட்டாது. தொழிலாளியின் அட்டையை அதன் முதுகில் காட்டினால் பெயர் வரும். தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டினால் எடை தானாக வந்து பெயருக்கு நேரே உட்காரும். வெயில் நாளில் எல்லாம் சரியாக நடக்கும். மழை பெய்தால் திரையில் விழுகிற ஒவ்வொரு துளியையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும். கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், எங்கள் மலையில் மழை எப்போது நின்றது? துளி பட்டுப் பட்டு, தேயிலைக்காட்டில் நனைந்துகொண்டு நிற்கிறவளுக்கு லீவு போட்டுவிடும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் மாதிரி அதை மழைக்கோட்டுக்குள் அணைத்து, குனிந்து நின்று நான் எடை போட்டிருக்கிறேன்.

அதில் இங்கிலீஷ் உண்டு, மலையாளம் உண்டு, வடக்கேயிருந்து வந்திருப்பவர்களுக்காக ஹிந்தியும் உண்டு. தமிழ் கிடையாது. இந்தக் காட்டைத் திருத்தித் தேயிலை நட்ட காலத்திலிருந்து இங்கே பேசப்படுகிற பாஷை தமிழ். மிஷின் வந்த முதல் வாரமே கேட்டேன். நினைவகத்தில் இடம் இல்லை என்றார்கள். மூன்று பாஷைக்கு இருக்கிற இடம் நான்காவதுக்கு எப்படி இல்லாமல் போகும் என்று திருப்பிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

இன்னொன்று. சாயங்கால நிறுவை முடிந்ததும் அன்றைக்கு எத்தனை கிலோ என்று ஒவ்வொருத்திக்கும் மெசேஜ் போகும். யார் போனுக்கு? அட்டை போடும்போது எந்த நம்பரைக் கொடுத்தார்களோ அந்தப் போனுக்கு. அன்றைக்கு நம்பர் கொடுத்ததெல்லாம் புருஷன்மார். பெண்டாட்டி சாக்கைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வருவதற்குள், அவள் எவ்வளவு எடுத்தாள் என்பது கவலை என்று நாங்கள் சொல்கிற முச்சந்தியில் சாயா குடித்துக்கொண்டிருக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குள் கால் வைக்கும்போதே ஏன் குறைந்தது என்று விசாரணை ஆரம்பம். காட்டில் ஒரு சூப்ரவைசர் போதாதென்று வீட்டிலும் ஒருத்தனைப் போட்டுக் கொடுத்தது இந்த மிஷின்.

இவ்வளவு திட்டிவிட்டேன், நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். அது எடையில் பொய் சொல்லாது. முன்பு எங்கள் டிவிஷனில் நிறுவைக்கு நின்ற ஆள் முள் நிற்கும்வரை பொறுக்க மாட்டான். ஈரம் என்று கொஞ்சம் கழிப்பான், முற்றல் என்று கொஞ்சம், சாக்குக்கு என்று கொஞ்சம். முகம் பிடிக்கவில்லை என்றால் அதற்கும் சேர்த்துக் கழிப்பான். எதிர்த்துப் பேசினால் அடுத்த நாள் வழுக்குச் சரிவில்தான் வெட்ட ஒரு நிரைச் செடி கிடைக்கும். மிஷின் வந்ததும் அவன் அதிகாரம் போயிற்று, நிறுவைக்கு நான் வந்தேன். பச்சை எழுத்தில் எடை தெரிகிறது, எல்லோரும் எட்டிப் பார்க்கலாம். முதல் மாதம் பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். நானும் அப்போது அதன் கட்சியில்தான் இருந்தேன், மறுக்கவில்லை.

ஆனால் எங்கள் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. அது கம்பெனிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. ஒருத்தி மாசமாக இருந்தாலோ, காய்ச்சலோடு வந்தாலோ, துக்கம் கழித்து முதல்நாள் கொழுந்து வெட்டுகிற கத்திரியைப் பிடித்தாலோ, பக்கத்து நிரைக்காரிகள் அவள் சாக்கில் ஆளுக்கொரு கை கொழுந்து போட்டுவிட்டுப் போவார்கள். கேட்டுப் போடுவதில்லை. போட்டபின் சொல்வதும் இல்லை. கத்திரியோடு மாட்டிய பெட்டியிலிருந்து ஒரு கை, குனிந்து நிமிர்கிற நேரம், அவ்வளவுதான். அன்றைக்கு எடுக்க வேண்டிய அளவு அவளுக்கு எப்படியோ வந்துவிடும். அடுத்த மாதம் அவள் இன்னொருத்திக்குப் போடுவாள். நானும் இப்படிப் பிழைத்தவள்தான். என் பெரியவன் வயிற்றில் இருந்தபோது என் சாக்கில் விழுந்த கொழுந்தில் பாதி நான் எடுத்ததில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்தது ஒரு மதினிக்கு. சொந்தமில்லை, ஒரே சர்ச், ஒரே தண்ணீர்க்குழாய், அதனால் மதினி. புருஷன் இறந்துவிட்டார். ஒரே மகள் கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். மதினிக்குக் கோட்டயத்தில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. கனம் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். லீவு இருந்தவரை படுத்திருந்தார். லீவு முடிந்ததும் வயிற்றில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலையில் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு வந்து நின்றார். வேறு வழி இல்லை. எஸ்டேட் பதிவில் பெயர் இருக்கும்வரைதான் லயத்து வீடு. பெயரை வெட்டினால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். மதினிக்கு இறங்கிப் போக வேறு ஊர் கிடையாது. மகளுக்கு லீவில் வந்து படுக்க வேறு கூரையும் கிடையாது.

அவர் கத்திரியை அசைத்ததைப் பார்த்தால் கொழுந்து வெட்டுகிற மாதிரியே இருக்காது. பெண்கள் வழக்கம்போல ஆளுக்கொரு கை போட்டார்கள். மதினியின் எடை மற்றவர்களுக்குச் சமமாக வந்தது. நானும் அட்டையைக் காட்டி, பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சாக்கை மாட்டினேன்.

ஒருநாள் மேனேஜர் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மதினியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. நான் போடுகிற எடையையெல்லாம் இந்த மிஷின் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது, அங்கே அது ஒப்பிட்டுப் பார்க்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆபரேஷன் ஆனவளுக்கு எடை குறையவில்லை, அதே நாட்களில் பக்கத்து நிரைக்காரிகளுக்கு மட்டும் குறைந்திருக்கிறது. கள்ளக்கணக்கு என்று அது முடிவுகட்டிவிட்டது. ஆளுக்கொரு கை என்பதற்கு அதன் அகராதியில் அதுதான் பெயர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கொழுந்து ஃபேக்டரிக்கு வந்து சேர்ந்துச்சா இல்லையா சார்? ஒரு இலை குறைஞ்சுச்சா?" என்று கேட்டேன்.

குறையவில்லை என்று தன் மலையாளத் தமிழில் அவரே ஒப்புக்கொண்டார். "எனக்கு அவங்ககூட ஒரு விரோதமும் இல்லா. சிஸ்டம் காணிக்குது. இனியும் கண்டா பேரு வெட்டும்" என்றார்.

மனுஷன் பொல்லாதவர் இல்லை. முன்பு இதே வழக்கத்தைக் கண்ணால் பார்த்தும் பார்க்காத மாதிரி ஜீப்பில் போனவர்தான். அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். முன்பு பார்க்காமல் போக அவருக்கு இடம் இருந்தது. இப்போது சிவப்புப் புள்ளி அவர் மேஜைக்கும் வருகிறது, கொச்சிக்கும் போகிறது. இந்த மிஷின் அவரையும் கட்டிப்போட்டிருக்கிறது. கட்டுப்பட்டதில் அவருக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது. தப்பை யார் தலையில் போடலாம் என்று இனி அவர் தேட வேண்டாம்.

மறுநாள் சாயா நேரத்தில் பெண்களிடம் நடந்ததைச் சொன்னேன். வாய்க்கு வந்தபடி மிஷினைத் திட்டினார்கள். மதினி மட்டும் வயிற்றுத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "வேண்டாம் பிள்ள. எனக்காவ நீங்க யாரும் மாட்டிக்கிடாதீக. நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன்" என்றார். போக இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு நெட்டைக்காரி உண்டு. டிவிஷனில் அவளைப்போலக் கத்திரி வீசுகிறவள் கிடையாது. கூடுதல் கிலோவுக்கு வருகிற காசும் எப்போதும் அவளுக்குத்தான் அதிகம். மதினிக்கும் அவளுக்கும் குழாயடியில் சண்டை நடக்காத வாரம் இல்லை. ஆளுக்கொரு கை போடும்போதும் முணுமுணுத்துக்கொண்டேதான் போடுவாள். அவள் எழுந்தாள். சாக்குகளை மூடுகிற பெரிய படுதாவை உதறித் தரையில் விரித்தாள். தன் சாக்கைத் தலைகீழாகப் பிடித்து அவ்வளவு கொழுந்தையும் அதில் கொட்டினாள்.

"எல்லாவளும் இதுலயே தட்டுங்க. கலந்து அள்ளுவோம். யாருக்குக் கூடிச்சு யாருக்குக் கொறைஞ்சிச்சுன்னு அந்தச் சனியன் என்னத்தக் கண்டுபிடிக்குன்னு பாப்போம்" என்றாள்.

தட்டினார்கள். கலந்து அள்ளினார்கள். ஒரே எடையாக வந்தால் அது முழித்துக்கொள்ளும் என்று சற்றுக் கூடக் குறைய அள்ளச் சொன்னதும் அவள்தான். நான் ஒவ்வொரு சாக்காக மாட்டினேன். எல்லாப் பெயருக்கும் நேரே பச்சை. அடுத்த நாளும் அப்படியே, அடுத்த வாரமும் அப்படியே. சிவப்புப் புள்ளி போய்விட்டது.

நெட்டைக்காரிக்கு எடை விழுந்தது, அந்த மெசேஜ் அவள் புருஷனுக்குப் போனது. என்னாச்சு என்று கேட்டிருக்கிறான். கத்திரி மொக்கையாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். வேகமாக எடுக்கிற மற்றவர்களும் வீட்டில் அதையே சொல்லிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவள் புருஷன் அரம் ஒன்றை வாங்கிவந்து கத்திரியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டான். நல்ல கூரான கத்திரி. அதை மேலும் தீட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து லயமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. வயிற்றைக் கிழித்துத் தைத்த ஒருத்தி தன் வீட்டில் இருப்பதற்கு இத்தனை பெண்கள் தங்கள் வேர்வைக்கு வந்த கூலியை விட வேண்டும், வீட்டில் பொய் சொல்ல வேண்டும், காட்டில் ஒளிந்து அள்ள வேண்டும். ஒரு கை கொழுந்தில் முடிந்துகொண்டிருந்த காரியம் இது.

பிறகுதான் அந்த மீட்டிங். கொச்சிக்காரர் சுவரில் படம் காட்டினார். மற்ற டிவிஷன்களின் கோடு ஏறி இறங்கிக் கிடந்தது. எங்கள் டிவிஷன் கோடு சமமாக ஓடியது. மிஷின் வந்தபிறகு இவ்வளவு சீராக வேலை நடப்பது இங்கேதான் என்று சொல்லிக் கைதட்டினார், எல்லோரையும் தட்டவைத்தார். எனக்கு ஒரு ஃபிளாஸ்க் பரிசு. அதைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மிஷினின் நல்லதையும் கெட்டதையும் ஒளிக்காமல் சொல்லச் சொன்னார்.

மழையில் நிற்கிறவளுக்கு லீவு விழுகிறது என்று மலையாளத்தில் சொன்னேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார். மெசேஜை அவளவள் போனுக்கு அனுப்புங்கள் என்றேன். அது வீட்டு விஷயம், கம்பெனி தலையிடாது என்றார். தமிழ் வேண்டும் என்றேன். சிரித்தார். நல்லது என்ன என்று கேட்டார். எடை சரியாகக் காட்டுகிறது என்றேன். வேறு குறை உண்டா, தைரியமாகச் சொல்லுங்கள், சொன்னால்தானே சரிசெய்ய முடியும் என்றார்.

சரிசெய்துவிடுவார்கள். அதுதான் என் வாயை அடைத்தது. உன் மிஷினுக்கு எடை தெரியும், யார் எடுத்தது என்று தெரியாது. நீ கைதட்டின சீர் முழுக்க ஒரு படுதாவில் கலந்து அள்ளியது என்று அந்த முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொன்னால் அடுத்த மாதமே அதற்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான். வேறு குறை இல்லை சார் என்று சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்தேன். மேனேஜர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஃபிளாஸ்க்கை மதினி வீட்டில் கொடுத்துவிட்டேன். வெந்நீர் வைக்க உதவுகிறது.

படுதா இன்றைக்கும் விரிகிறது. இதையெல்லாம் எழுதலாமா என்று நெட்டைக்காரி கேட்டாள். எழுதலாம். மேனேஜருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கொச்சிக்காரருக்கு இரண்டும் வராது. மிஷினில் தமிழுக்கு இடமில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மதினி மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதுவரையாவது அவர்கள் யாரும் தமிழ் படிக்காமல் இருக்கட்டும்.