மழை நின்றதும் எடுத்த துடைப்பம்

கடந்த டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, மாலை மணி நான்கு பத்து. இரண்டு நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது.

நாங்கள் முன்பு இருந்த கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மழை விட்டால் வெள்ளமும் வடிந்துவிடும். பதினெட்டு வீட்டுக்காரர்களும் துடைப்பத்தோடு இறங்குவோம். யாராவது கோப்பி கலக்கி வருவார்கள், சிரிப்பு அடங்காது. அதை இடித்த பிறகு, என் பென்ஷனுக்குக் கிடைத்தது கடலோரக் கிள்ளானில், ஆற்றை ஒட்டிய இந்தத் தாழ்வான வாடகை வீடுதான். எதிரே மண் கொட்டி உயர்த்திக் கட்டிய புது வீடுகளின் தண்ணீரும் எங்களிடமே வரும்.

பழைய நினைப்பில் கூடத்தைக் கழுவினேன். மேசைமேல் ஏற்றியிருந்த மெத்தையைத் தரையில் விரித்து, நடக்க முடியாத என் மனைவியைப் படுக்க வைத்தேன்.

பக்கத்து வீட்டு மேரி ஓடி வந்தாள். "அங்கிள், மழை நின்னா போதுமா? கடல் ஏறுற நேரம் லா இது! ஆத்துத் தண்ணி திரும்பி வருது!"

அதற்குள் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. இருவருமாக மனைவியை நாற்காலியில் வைத்து மேட்டுச் சாலைக்குத் தூக்கினோம்.

"எல்லாத்தையும் எண்ணுவீங்களே, கடலை மட்டும் விட்டுட்டீங்களா?" என்றாள் மனைவி, குளிரில் நடுங்கிக்கொண்டே.

இப்போதெல்லாம் மழை நின்றாலும், கடல் இறங்கும்வரை மேட்டில் மேரியின் கோப்பியைக் குடித்தபடி காத்திருக்கிறோம். அதன் பிறகே துடைப்பம். அன்று மெத்தை, பிரிட்ஜ், மனைவியின் மருந்து எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 1,874 ரிங்கிட்.