பின்கதவில் நின்று எடுத்த படம்

என் கைத்தொலைபேசியில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான வகுப்பறைப் படங்கள் இருந்தன. அநேகமாக எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இரண்டை மட்டும் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே அறை, ஒரே சனிக்கிழமை. முதலாவது காலையில் எடுத்தது. அதில் சுவரோரம் ஒரு நீல நிறப் புத்தகத் தட்டும், அதன்மேல் காலணி வாங்கிய ஒரு சப்பாத்துப் பெட்டியும் இருக்கின்றன. இரண்டாவது மத்தியானம் எடுத்தது. அதில் நீலத் தட்டு இருக்கிறது, பெட்டி இல்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டித்தான் நான் பட மிஸ்ஸை எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து போக வைத்தேன்.

சிட்னியில் வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், வார நாட்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் கலந்து படிக்கும் ஒரு பள்ளியில், சனிக்கிழமை காலைகளில் மட்டும் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது. அறைகள் இரவல். திங்கட்கிழமை வரும் ஆசிரியைக்கு ஒரு பென்சில் இடம் மாறியிருந்தாலும் மூக்கில் வியர்த்துவிடும், உடனே முறைப்பாடு வரும். ஆகவே வகுப்புகள் தொடங்குமுன் ஒவ்வொரு அறையையும் கதவடியில் நின்று ஒரு படம், எல்லோரும் போனபின் ஒரு படம். மேசை கதிரைகளைக் காலைப் படத்தைப் பார்த்துத்தான் திரும்ப அடுக்குவோம். இந்த வேலையை யாரும் என் தலையில் கட்டவில்லை, நானாகவே கேட்டு வாங்கினேன். நான் எதையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இராணுவ வாகனத்தில் இருந்து தலையை ஆட்ட, வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இழுத்துச் செல்லப்பட்டதைப் பதினேழு வயதில் பார்த்தவன். ஊரில் அந்த ஆளைத் தலையாட்டி என்போம். அதற்குப் பிறகு யார் என்னைப் பார்த்தாலும், ஏன் பார்க்கிறான் என்ற கேள்விதான் எனக்கு முதலில் வரும்.

பட மிஸ் தமிழ்நாட்டுக்காரர். சென்னையில் பல வருடம் படத்தொகுப்பு வேலை செய்துவிட்டுக் கணவருடன் சிட்னிக்கு வந்தவர். பிள்ளைகள் நாள் முழுக்கத் திரை பார்க்கிறார்கள், பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆளில்லை, முதலில் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும் என்று எங்கள் பள்ளிக்கூட அதிபரைத் தேடி வந்தார். ஆறு சனிக்கிழமைகள். பிள்ளைகள்தான் அவருக்குப் பட மிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதிபருக்குப் பெரிய சந்தோசம். எனக்கு இல்லை. கூப்பிடாமல் வந்து உதவி செய்கிறேன் என்கிறவர்களைக் கண்டால் எனக்குக் காரணம் தெரியாமல் நித்திரை வராது.

முதல் நாள் ஆசிரியர்களான எங்கள் எட்டுப் பேருக்கும் நடுவில் ஓட்டை வெட்டிய கறுப்பு மட்டை ஒன்று தந்தார். அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். "ஓட்டைக்குள்ள தெரியறத எல்லாரும் பார்த்துடுவாங்க. கேமரா எங்க நிக்குது, ஏன் அங்க நிக்குது, அத மட்டும் கேளுங்க. பசங்களையும் கேக்க வையுங்க. வேற எதுவும் நான் சொல்லித்தரப் போறதில்ல," என்றார். பிறகு ஒரு அழுகைக் காட்சியைப் போட்டுக் காட்டினார். மற்ற ஆசிரியர்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. "அந்தப் பிள்ளையின்ர முகத்தில இவ்வளவு நேரம் ஏன் கமெராவ வைச்சிருக்கினம்? எங்கள அழப்பண்ணத்தானே?" என்று கேட்டேன். பட மிஸ் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "சார், இந்தச் சந்தேகத்த அப்படியே உங்க வகுப்புக்குக் கொண்டு போங்க," என்றார். தேன் தடவுகிறா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் வீட்டுப்பாடம் தந்தார். வீட்டு வாசற்கதவை ஒரு நிமிடம் படமாக்கிக் கொண்டு வர வேண்டும். எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களில் பலருக்கு அப்போது நிரந்தர விசா இல்லை. யார் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்று ஒருத்திக்கு ஏன் தெரிய வேண்டும்? ஆகவே தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று, எங்களுக்குப் பக்கத்து வீட்டு லெபனான்காரரின் கதவை எடுத்துக்கொண்டு போனேன். வகுப்பில் எல்லோருடைய படமும் ஓடியது. என்னுடையது முடிந்ததும் பட மிஸ் அதை இன்னொருமுறை ஓடவிட்டார். "சார், இந்தக் கதவுல நீங்க ஒரு தடவகூட நுழைஞ்சதில்ல போலிருக்கே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பயந்துபோனேன். இவ்வளவு கூர்மையான கண் உள்ள ஒருவர் எங்களிடம் என்னத்தைத் தேடுகிறார்? அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

நான்காவது வாரம் மேல்வகுப்புப் பிள்ளைகளைப் பயிற்சி நடந்த அந்த அறைக்குக் கூட்டி வந்து நாங்களே பாடம் நடத்தினோம். பட மிஸ் பின்சுவரோரம் நின்று குறிப்பு எடுத்தார். அங்கேதான் நீலத் தட்டும் சப்பாத்துப் பெட்டியும் இருந்தன. பெட்டிக்குள் வார நாட்களில் அங்கே படிக்கும் பிள்ளைகள் வளர்க்கும் பட்டுப்புழுக்கள். பாடத்துக்கு நடுவில் பட மிஸ் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து மூடியைத் திறந்து பார்ப்பதைக் கண்டேன். "எவ்ளோ வேகமா சாப்பிடுது பாருங்க," என்று பக்கத்திலிருந்த ஆசிரியையிடம் சொன்னார். திரும்ப வைத்ததை நான் பார்க்கவில்லை. அன்று நல்ல மழை. பாடம் முடிந்தபோது பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் குடைகளுடன் முன்கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைக்க வெளியே வந்த நான் சுற்றிப்போய்ப் பின்கதவால் நுழைந்து, அங்கேயே நின்று படத்தை எடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன்.

திங்கட்கிழமை முறைப்பாடு வந்தது. பட்டுப்புழுப் பெட்டியைக் காணவில்லை, பிள்ளைகள் அழுகிறார்கள், இப்படியென்றால் அறைகளைத் தருவது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். அதிபர் வெலவெலத்துப் போனார். நிர்வாகக் குழுவைக் கூட்டி, பட மிஸ்ஸையும் வரச் சொன்னார்.

"மாஸ்டர், உங்களிட்டப் படம் இருக்கோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம். காலமையும் எடுத்தனான், மத்தியானமும் எடுத்தனான்," என்று மேசையில் வைத்தேன். பெட்டி இருந்த தட்டு, பெட்டி இல்லாத தட்டு. போதாததற்கு, பட மிஸ் பெட்டியைக் கையில் எடுத்ததைக் கண்டேன் என்றும் சொன்னேன். யாரும் குரலை உயர்த்தவில்லை. எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். பட மிஸ் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சார், இத எங்க நின்னு எடுத்தீங்க?"

"கதவடியில. எப்பவும் கதவடியிலதான்," என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த அறைக்கு இரண்டு கதவுகள் என்பது அப்போது எனக்கு ஞாபகமே வரவில்லை. பதில் சொல்ல வழியில்லாமல் கதையை மாற்றுகிறா என்றுதான் நினைத்தேன். மிச்சம் இரண்டு வாரங்களும் நடக்கவில்லை. பட மிஸ் கறுப்பு மட்டைகளைக்கூடத் திரும்பக் கேட்காமல் போய்விட்டார். பிள்ளைகள் எடுக்கவிருந்த ஒரு நிமிடப் படங்களும் அத்தோடு நின்றன. அறைகள் தப்பின. நான் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆறேழு மாதம் கழித்துத் தொலைபேசி இடமில்லை என்றது. ரயிலில் பரமற்றா போகும் வழியில் பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். அந்த மத்தியானப் படம் வந்ததும் விரல் நின்றது. ஏதோ சரியில்லை. காலைப் படத்தில் நீலத் தட்டுக்கு மேலே சுவர்தான் இருந்தது. இதில் தட்டுக்கு மேலே யன்னல். பெருப்பித்துப் பார்த்தேன். அது வேறு தட்டு. அந்த அறையில் ஒரே மாதிரி இரண்டு நீலத் தட்டுகள், ஒன்று பின்சுவரோடு, மற்றது யன்னலுக்குக் கீழே. பின்கதவு அந்தப் பின்சுவரில்தான் இருக்கிறது, அங்கே நின்ற எனக்குப் பின்சுவர் எப்படித் தெரியும்? எங்க நின்னு எடுத்தீங்க என்று அவர் கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது. பிறகு, படத்தின் மறுகோடியில், அணைத்து வைத்திருந்த பெரிய தொடுதிரை. மழை இருட்டு, அறையில் விளக்கு எரிந்தது, அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என் உருவம் மங்கலாகத் தெரிந்தது. கையில் தொலைபேசியோடு நிற்கிறேன். எனக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், நீலத் தட்டின்மேல் சப்பாத்துப் பெட்டி.

சனி மத்தியானத்துக்கும் திங்கள் காலைக்கும் இடையில் அந்த அறைக்குத் துப்புரவாளர் வருவார், ஞாயிறுகளில் ஒரு கிறிஸ்தவ சபை ஜெபத்துக்கு வரும். அவர்களில் யாராக இருக்கும் என்று என் மனம் உடனே எழும்பியது. அதை உட்கார வைத்தேன். பரமற்றாவில் இறங்க மறந்து அடுத்த நிலையம் வரை போனேன். நாற்பது வருடமாக நான் வெறுத்த அந்தத் தலையாட்டியின் வேலையைத்தான் அந்த மேசையில் நான் செய்திருக்கிறேன். அவனாவது முகத்தை மூடியிருந்தான்.

அதிபரிடம் சொன்னேன். "விடுங்கோ மாஸ்டர், அது முடிஞ்ச கதை," என்றார். எனக்கு முடியவில்லை. பட மிஸ் குடும்பத்தோடு மெல்பேர்ன் போய்விட்டதாக ஓர் ஆசிரியை சொன்னார். மருமகனின் பிள்ளைக்கு அங்கே கேரம் டவுன்ஸ் கோவிலில் சோறு தீத்தினார்கள், முதன்முதலாகச் சோறு ஊட்டும் சடங்கு, அதற்குப் போன சாட்டில் அந்த ஆசிரியையிடம் விசாரித்து, மல்கிரேவில் பட மிஸ் வேலை செய்யும் அலுவலகத்துக்குப் போனேன். மதிய இடைவேளையில் கழுத்தில் அட்டை தொங்க இறங்கி வந்தார். ஏதோ மென்பொருளைச் சரிபார்க்கிற வேலை என்றார். வாசலில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெருப்பித்து நெடுநேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும், ஏச்சு வாங்கலாம் என்று என்னைத் தயார்படுத்திக்கொண்டு போயிருந்தேன்.

"நான்தான் எங்கயோ வெச்சுட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன் சார்," என்றார். "கையில எடுத்தது ஞாபகம் இருக்கு. திரும்ப வெச்சது ஞாபகம் இல்ல. உங்க போட்டோவப் பார்த்ததும், சரி, வெக்கலன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப எங்க நிண்டு எடுத்தனீங்கள் எண்டு ஏன் கேட்டனீங்கள்?"

"பழக்கம். எந்தப் படத்தப் பார்த்தாலும் வாய்ல அதுதான் வரும். கேட்டேனே தவிர, பதில நான் சரியா கேக்கல." தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, "பசங்க வளத்தத எடுத்த எடத்துல வெக்கத் தெரியாதவ பசங்க மத்தியில எதுக்குன்னு, எல்லா ட்ரெய்னிங்கையும் விட்டுட்டேன்," என்றார்.

என் சந்தேகம் அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பியது எனக்குத் தெரியும். அது அவருக்குள்ளும் போய்க் குந்தியிருந்தது என்று தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. எழும்பும்போது, "அந்த ரெண்டு போட்டோவையும் எனக்கு அனுப்புங்க," என்று மட்டும் சொன்னார். எதற்கு, யாருக்குக் காட்ட என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அங்கேயே நின்று அனுப்பினேன்.

இப்போதும் சனிக்கிழமைகளில் அறைகளைப் படமெடுக்கிறேன். எடுக்குமுன் எந்தக் கதவில் நிற்கிறேன் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன். பட மிஸ்ஸிடமிருந்து பதில் வரவில்லை. திரும்பப் படிப்பிக்கத் தொடங்கினாரா, அந்தப் படங்களை அழித்துவிட்டாரா, தெரியாது. எங்கோ ஒரு வகுப்பில் அவை ஓடுகின்றன என்று நினைக்கத்தான் ஆசை. பிள்ளைகள் பெட்டியைத் தேடாமல், இதை எடுத்த ஆள் எங்கே நின்றான் என்று தேடி, அந்தத் தொடுதிரைக் கண்ணாடிக்குள் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும்.