பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லாத மண்டபம்

எனக்கு விவரம் தெரிந்து நான் போன முதல் பெரிய கல்யாண மண்டபத்துக்கு எங்களைக் கூட்டிப்போனது போலீஸ் வேன்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. மாமல்லபுரத்துக்கு மேற்கே, திருக்கழுக்குன்றம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் காலனி. அப்பா மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் கல் அறுத்தார். அம்மா நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே சத்துணவு சமைத்தாள். அதோடு எங்கள் வட்டாரத்துச் சத்துணவுப் பணியாளர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்வார்கள். சத்தமாகப் பேசுவார்கள், டீ குடிப்பார்கள், யாராவது ஒருத்தி அழுவாள், அம்மா அவளை அதட்டுவாள், கடைசியில் எல்லோரும் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போவார்கள். சங்கம் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். அதில் பெரிய தப்பும் இல்லை.

அந்த வருஷம் ஒரு செய்தி வந்தது. பிள்ளைகள் குறைவாக இருக்கிற பள்ளிகளில் சமையல்கட்டை மூடிவிடப் போகிறார்கள், ஒரே இடத்தில் மொத்தமாகச் சமைத்து வேனில் அனுப்பப் போகிறார்கள், அதனால் செலவு மிச்சமாகும் என்றார்கள். மூடப்படும் பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. சங்கத்தில் அம்மாவுக்கு அடுத்தபடியாக இருந்தவர் முட்டுக்காட்டுப் பக்கத்துக் குப்பத்துப் பள்ளியில் சமைப்பவர். சங்கத்தில் எல்லோருக்கும் அவர் அத்தை, எனக்கும்தான். செய்தியைக் கேட்டதும் அத்தை, “வேன் பஞ்சராச்சின்னா புள்ளைங்க இன்னா, டயரையா துன்னும்?” என்று கேட்டார். அது மறுநாளே கடற்கரை நெடுகப் பரவிவிட்டது.

செங்கல்பட்டில் மறியல் என்று முடிவாயிற்று. பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டுப் போராடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருத்தி நின்று அடுப்பைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் கிளம்பினார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அப்பா விடிந்ததுமே வேலைக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“எங்கம்மா போறோம்?”

“செங்கல்பட்டுக்கு.”

“எதுக்கு?”

“ஒன்னு கேக்கறதுக்கு.”

செங்கல்பட்டு என்றால் எனக்குத் துணிக்கடை. இருந்த ஒரே பட்டுப்பாவாடையை எடுத்து நானே கட்டிக்கொண்டேன்.

துணிக்கடைக்குப் போகவில்லை. ஒரு பெரிய சாலையில் பெண்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். வெயில் ஏறியதும் பெண் இன்ஸ்பெக்டர் வந்து, “ஏறுங்கம்மா, வண்டி ரெடி” என்றார். அம்மாவே முன்னால் நின்று ஒவ்வொருத்தியையும் வேனில் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினாள். என்னைத் தூக்கி உள்ளே விட்ட போலீஸ் அக்கா, “பட்டுப்பாவாடைலாம் கட்டிகினு வந்துக்கீற, எங்க கல்யாணம்?” என்று கேட்டார். சற்று நேரத்தில் வேன் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்றது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

உள்ளே மேடையில் சிவப்பு வெல்வெட்டு நாற்காலி இரண்டு போட்டிருந்தார்கள். முந்தின நாள் கல்யாணத்துப் பூச்சரம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. மதியம் தக்காளி சாதப் பொட்டலம் வந்தது. வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் சமையல்காரிகள். அரிசி வேகவில்லை, எண்ணெய் அதிகம், உப்பு எங்கே என்று பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொன்று சொன்னார்கள். “அடுத்த தபா எங்கள அரெஸ்ட் பண்ணா, அரிசி பருப்ப குடுத்துடுங்க. நாங்களே ஆக்கிக்கறோம்” என்று அத்தை சொன்னதற்கு இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் எப்போது வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அதிகாரி வந்தார். அம்மாவைத் தனியாகத் தூணோரம் கூப்பிட்டார். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலிடத்தில் முடிவெடுத்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். ஆனால் அம்மாவின் பள்ளியையும் அத்தையின் பள்ளியையும் மட்டும் விட்டுவிடலாம், அதற்குத் தான் பொறுப்பு, கூட்டத்தைக் கலைத்துவிட்டால் போதும் என்றார். எங்கள் பள்ளிக்கூடத்துச் சோறு நிற்காது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. “சரின்னு சொல்லும்மா!” என்று குதித்தேன்.

அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“நல்ல சேதி சார். இத்த எங்க ஆளுங்க கிட்டயும் சொல்லிடுங்க.”

“இல்லம்மா, இது நமக்குள்ள…”

“நமக்குள்ளன்னா, அப்போ இவங்க யாரு சார்?”

அதற்குள் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அவரால் வெளியேயும் போக முடியவில்லை. அம்மா மரியாதையாக அவரை மேடைக்கு அழைத்துப்போய், சிவப்பு நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் அதன் நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மண்டபம் கப்சிப் என்று அடங்கியது.

“அத்தை, மாப்ளைக்குத் தல நரைச்சிக்கீதே!” என்றேன்.

நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாவம், அந்த அதிகாரியும் சிரித்தார்.

அம்மா மேடையில் இருந்த மைக்கைத் தட்டினாள். “சாரு ஒன்னு சொல்றாரு. என் இஸ்கூலையும் அத்தை இஸ்கூலையும் வுட்டுடுவாங்களாம். மிச்சத்த மூடிடுவாங்களாம். நாம வூட்டுக்குப் போலாமாம். இன்னா சொல்றீங்க?”

வீட்டில் அவரவர் பாடு அவரவருக்கு. அம்மாவின் பள்ளியும் அத்தையின் பள்ளியுமாவது பிழைக்கட்டுமே என்று யாராவது சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. முதலில் எழுந்தது அத்தைதான்.

“எனக்கு வோணாம். எங்க குப்பத்துப் புள்ளைங்க துன்னும்போது பக்கத்துக் குப்பத்துப் புள்ளைங்க வேடிக்க பாக்கணுமா?”

பின்வரிசையில் ஒருத்தி கைதட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கைக்கு வந்த சோற்றை அம்மா எல்லோர் முன்னாலும் தட்டிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. “நமக்கு வேணாமா?” என்று கேட்டேன். “எல்லாருக்கும் வோணும்டி” என்று அம்மா என் மூக்கைத் துடைத்தாள்.

அதிகாரி மேடையிலிருந்து இறங்கும்போது அம்மாவிடம், “யோசிச்சிருக்கலாம். உங்களுக்குத்தாம்மா கஷ்டம்” என்றார். அவர் கோபமாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

“தெரியும் சார்” என்றாள் அம்மா.

சாயங்காலம் எங்களை விட்டுவிட்டார்கள். மறியல் அதோடு நிற்கவில்லை. மற்ற ஊர்களிலும் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த மாதம் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு அடுப்பும் அணையவில்லை. அம்மா கேசரி கிளறி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

அந்த வாசனை போவதற்குள் அம்மாவுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. பாலாற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர். சங்கத்துக்காரர்களைத் தண்டிப்பதென்றால் அங்கேதான் போடுவார்களாம். எங்கள் பள்ளியில் புது ஆயா சமைத்தார். நான் தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஜெயித்தவர்களுக்குப் பரிசுதானே கொடுப்பார்கள், அம்மாவை ஏன் அனுப்பினார்கள் என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். அவர் கலங்கியதாகவே தெரியவில்லை.

இப்போது நான் சிறுசேரியில் வேலை பார்க்கிறேன். அம்மா ஓய்வுபெற்றும் சங்கத்துக்குப் போய்வருகிறாள். மண்டபத்திலிருந்து திரும்பிய அந்தச் சாயங்காலம் இன்னும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கைகால் கல்தூசியைக் கழுவிக்கொண்டே அப்பா முழுக் கதையையும் கேட்டார், இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“பாலாத்துக்கு அந்தாண்ட போற மொத பஸ்ஸு எப்ப?”

“விடியக்காலைல கீது. வர்றப்பவே விசாரிச்சிட்டேன்” என்றாள் அம்மா.

உத்தரவு வர அப்போது ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. நாளைக்கும் எங்கேயோ ஊருக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நானும் வருவேன், ஜன்னலோர சீட்டு எனக்குத்தான் என்று அன்றைக்குத் தூங்கும்வரை அடம்பிடித்தேன்.