குறிக்கு மேலே ஒரு திருகு

அவனியாபுரத்தில் இறங்கி, நல்ல கடைசல் பட்டறை எது என்று எந்த ஷேர் ஆட்டோக்காரரைக் கேட்டாலும் என் வாசலில்தான் கொண்டுவந்து விடுவார். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து ஒரு மஞ்சள் பையோடு வந்தவன் நான். இன்றைக்கு லேத்துகள், மில்லிங் மிஷின், பின்னால் ஒரு பெரிய கொட்டகை என்று நிற்கிறதெல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. இவ்வளவு பேர் எடுத்தவனை ஒரு துப்பாக்கி அந்த மழைக்காலம் முழுக்கப் படுத்திய பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். காற்றுத் துப்பாக்கி. என் மருமகள் பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்க, அவள் எங்களோடு இருந்து படிக்கிறாள். விமானத்துக்குப் போடுகிற மாதிரி லேசான தகடுகளை, துணியும் பசையுமாக அடுக்கி அழுத்தி, மாதக்கணக்கில் அவளே செய்து வைத்திருந்தாள். பறக்கிற விமானத்தில் ஒரு கல் வந்து மோதினால் தகடு எப்படிக் கிழியும்? மோதுகிற அந்தக் கணத்தைப் படம் பிடித்தாக வேண்டும். கல்லுக்குப் பதில் ஒரு எஃகுக் குண்டு. அந்தக் குண்டைத் தள்ளத்தான் துப்பாக்கி.

கல்லூரியில் அந்தச் சத்தத்துக்கு இடம் கிடைக்கவில்லை. அவளுடைய பேராசிரியர் வந்து என் கொட்டகையின் தடித்த சுவரைத் தட்டிப் பார்த்து, இங்கேயே செய்யலாம் என்று சொல்லிவிட்டார். குழாயை நான் கடைந்தேன். உள்ளே விளக்கைக் காட்டினால் அந்தக் கடைசி வரைக்கும் கண்ணாடி மாதிரி மின்னும். அப்படி ஒரு குழாயை மதுரையில் வேறொருவன் கடைந்து காட்டட்டும், நான் பட்டறையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இதை டீக்கடையிலும் சொன்னேன். அங்கேதான் வினை.

படம் எடுக்கிற விதமே எனக்குப் புதிது. அவள் விளக்கினாள்.

“கேமரா இருட்டுல தொறந்தே கெடக்கும் மாமா. குண்டு குழாய் வாயத் தாண்டுனதும் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அங்கருந்து தகட்டுக்கு வர எம்புட்டு நேரம் ஆகும்னு நான் முன்கூட்டியே கணக்குப் போட்டு வச்சுருப்பேன். சரியா அந்த நேரத்துல லேசர் ஒரு வெட்டு வெட்டும். அந்த வெளிச்சத்துல என்ன இருக்கோ அதுதான் படம்.”

“கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ளயா?”

“கண்ணு மூட ஆரம்பிக்கிறதுக்குள்ளயே எல்லாம் முடிஞ்சிரும் மாமா.”

லேசர் வேறொரு கல்லூரியிலிருந்து இரவல் வாங்கியது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கெடு வந்துவிட்டது. தகடுகளோ ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. படம் மட்டும் வரவில்லை. வந்ததெல்லாம், குண்டு தகட்டைத் துளைத்துப் போன பிறகு பறக்கிற தூசியும் துணுக்கும். அதாவது லேசர் எப்போதும் பிந்திக்கொண்டே இருந்தது. படம் இல்லையென்றால் அவளுடைய இத்தனை வருட உழைப்புக்கும் அர்த்தமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். என் மனைவி என்னை முறைப்பாள், நான்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி.

டீக்கடையில் இன்னும் மோசம். “என்னண்ணே, பீரங்கி படம் எடுத்துருச்சா? இல்ல, படம் பீரங்கியப் பாத்துப் பயந்து ஓடிருச்சா?” என்பான் ஒருத்தன்.

என் மச்சினன், மனைவியின் தம்பி, கோரிப்பாளையத்தில் டயர் கடை வைத்திருக்கிறான். வாய்தான் அவனுக்கு முதலீடு. ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தான். சுவருக்கு வெளியே என்னோடு நின்றான். உள்ளே ‘டொப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“இம்புட்டுதானா மச்சான்? எங்கடையில டியூப் வெடிச்சா இதவிடச் சத்தம் கேக்கும்.”

“போடா மாப்ள, உனக்கு என்ன தெரியும்.”

எனக்கு மட்டும் என்ன தெரியும்? நானும் ‘டொப்’ சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சாமானைச் செய்தால் அது சுற்றுவதை, ஓடுவதை, தண்ணீர் இறைப்பதைக் கண்ணால் பார்த்துப் பழகியவன் நான். இதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

குறை எதில் என்று நான் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் சரியில்லை என்றேன். பக்கத்து ஏர்போர்ட்டில் விமானம் இறங்குகிற அதிர்வு என்றேன். இரவல் லேசர் எப்படி ஒழுங்காக வேலை செய்யும் என்றும் கேட்டேன். அவள் பொறுமையாக எல்லாவற்றையும் சோதித்தாள். ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“குண்டு என் கணக்கவிட வேகமா வருது மாமா. அதுவும் ஒரு தடவ வந்த மாதிரி மறு தடவ வரல. ஒரே மாதிரி கூடுனா நான் கணக்க மாத்திக்கிருவேன். ஒருவேள குழாய்க்குள்ள எங்கயாச்சும்...”

“எங்கயாச்சும்?”

அவள் முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டாம். இரண்டு நாள் யாரோடும் பேசாமல் குழாயைக் கழற்றி, உள்ளே அளந்து, மறுபடி இழைத்து மாட்டினேன். ஒரு குறையும் இல்லை. அடுத்த சுடுதலிலும் தூசிதான் வந்தது. அன்று சாயங்காலம் அவள் தன் அம்மாவோடு போனில் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டிருந்தாள். நெசவுக்காரர் வீட்டுப் பெண். அந்த மொழி எனக்கு ஒரு சொல் பிடிபடாது. ஆனாலும் குழாயைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று எனக்குப் பட்டது.

சனிக்கிழமை இரண்டே தகடு மிச்சம். எப்போதும் அவள் இருட்டறையில் லேசர் பக்கம் நிற்பாள். நான் வெளியே காற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வால்வைத் திறந்து கம்ப்ரசர் காற்றை ஏற்றி, மீட்டர் முள் சிவப்புக் குறியைத் தொட்டதும் ‘குறி தொட்டாச்சு’ என்று குரல் கொடுப்பேன்; அவள் உள்ளேயிருந்து சுடுவாள். அன்று அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடி வெளியே வந்தவள், என் பின்னால் நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

“குறி தொட்டாச்சு!” என்றேன்.

“மாமா, இப்ப என்ன செஞ்சீங்க?”

திடுக்கிட்டுத் திரும்பினேன். “என்னத்தச் செஞ்சேன்? முள்ளு குறியத் தொட்டுருச்சு.”

“தொட்ட பொறகு வால்வ இன்னொரு திருகு திருகுனீங்களே?”

“அதுவா? அது கொசுறு.”

அவள் குனிந்து முள்ளைப் பார்த்தாள். “எல்லாத் தடவையும் இப்படித்தானா?”

“பின்னே? அளந்தத அளந்தபடியே குடுத்தா அது ஒரு ஏவாரமாம்மா? நாலு போல்ட்டு கேட்டு வந்தவனுக்கு அஞ்சாவதா ஒண்ணப் போட்டுக் குடுத்துத்தான் நான் இந்த எடத்துக்கு வந்துருக்கேன். உன் வேலைக்கு நான் கஞ்சத்தனம் பண்ணுவேனா?”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“எங்க வீட்டுத் தறியில பாவு நூல்ல ஒரு இழை கூடுனாலும் எங்கப்பா அத்துப் போட்டுருவாரு மாமா. கூடுனது தப்பு, கொறஞ்சது தப்பு. ரெண்டும் ஒண்ணுதான்.”

தொட்டியில் இருந்த காற்றைத் திறந்துவிட்டு, முதலிலிருந்து ஏற்றச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் ஆயுசு முழுக்க என்னை உயர்த்திய பழக்கம் அது. குழாயைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போனது, லேசரைத் திட்டினேன், விமானத்தைத் திட்டினேன், கடைசியில் வந்து நிற்பது என் கையிலா? நீ வேறு யாரையாவது வைத்துக்கொள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வேறு யார்? மச்சினனா? அவன் கையில் என் வால்வைக் கொடுப்பதற்குப் பட்டறையை மூடிவிடலாம்.

ஏற்றினேன். முள் குறியைத் தொட்டது. வால்வை மூடினேன். விரல்கள் தாமாகவே இன்னொரு தரம் வளைந்தன. கையைப் பிடுங்கி இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இலை போட்டுச் சோறு வைத்து, குழம்பு ஊற்றாமல் ஒருவரை எழுப்பி அனுப்பியது போல இருந்தது.

“தொட்டாச்சு.”

டொப்.

படத்தில் குண்டின் மூக்கு தகட்டுக்குள் புதைய ஆரம்பித்திருந்தது. ஆனாலும் கொஞ்சம் பிந்திவிட்டது என்றாள். ஏதோ ஒரு எண்ணை மாற்றினாள். கடைசித் தகட்டை மாட்டினாள். மறுபடியும் ஏற்றினேன். மறுபடியும் கையைப் பின்னால் கட்டினேன். உள்ளேயிருந்து அவள் கத்திய கத்தல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அம்மாவுக்குப் போன் போட்டு என்னென்னவோ சொன்னாள். அந்தப் பேச்சுக்கு நடுவில் ‘மாமா’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. நல்லதாகச் சொன்னாளா, கொசுறுக் கதையைச் சொன்னாளா, தெரியவில்லை.

லேசர் திங்கட்கிழமை வேனில் ஏறிப் போய்விட்டது. அவள் படத்தைப் பெரிதாக அச்செடுத்து எனக்கென்று ஒன்று கொடுத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை, ஒரு கோடு, கோட்டிலிருந்து விரிகிற மெல்லிய வளையங்கள். அந்த வளையம்தான் ஆராய்ச்சி என்றாள். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம்.

மச்சினன் வந்து படத்தை வாங்கி, நேராகப் பிடித்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.

“இதுல உங்க குழாய எங்க மச்சான்?”

“குழாய் வெளிய இருக்குடா மாப்ள. குண்டு அதத் தாண்டி வந்த பொறகு எடுத்தது.”

“அப்ப நீங்க?”

“நானும் வெளியதான்.”

அவன் சிரித்துக்கொண்டே டீ சொல்லப் போனான். நான் எழுந்து கொட்டகைக்குப் போய், கம்ப்ரசரில் மிச்சமிருந்த காற்றைத் திறந்துவிட்டேன். அது சீறி முடிய வெகுநேரம் பிடித்தது.