இனிப்பில் சேராத ஐஸ்கிரீம்

ஆரோவில்லில் நான் கணக்கு எழுதும் விருந்தினர் இல்லத்தில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து ஒரு வாய் பிசைந்திருந்தேன். கைப்பேசி அடித்தது. என் கணவர் ஏழுமலை. "செல்வி, அம்மா போயிட்டாங்க" என்றார். அதற்கு மேல் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று காலையில்தான், "கண்ணு முழிச்சிட்டாங்க, நீ வேலைக்குப் போ" என்று அவர் சொன்னதை நம்பி வந்திருந்தேன். கையைக் கழுவினேனா, டப்பாவை மூடினேனா என்று நினைவில்லை.

என் மாமியார் தனகோடி அம்மாளை மரக்காணத்தில் தெரியாதவர்கள் குறைவு. மாமா சின்ன வயதிலேயே இறந்துவிட, உப்பளத்தில் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்து, ஆள் வைத்து உப்பு வாரி, லாரிக்காரர்களோடு மல்லுக்கு நின்று விலை பேசி, ஒரே மகனை வளர்த்து ஆளாக்கியவர். அவரைத் தூக்கிச் செல்ல வந்த சனம் ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பப் பேசியது. "உப்பளத்துலயே கெடந்த பொம்பளைக்கு ஒடம்புல உப்பு கொறைஞ்சிடுச்சாமே! இத எங்க போயி சொல்றது?" டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருந்தார், ரத்தத்தில் உப்பு மிகவும் இறங்கிவிட்டது என்று. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நான் ஆச்சரியப்படவில்லை. உப்பை விட்டவர் அவர். விட வைத்தவள் நான். அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவரோடு கூட உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான். அதை எழுத வேறு ஆளில்லை.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அத்தை எனக்கு டீ கொடுத்தார். தித்திப்பு தூக்கலாக இருந்தது. அவர் டம்ளரில் சர்க்கரையே இல்லை. பாவம், சுகர் போலிருக்கிறது என்று நினைத்து, "மாத்திரை போட்டீங்களா அத்தை?" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சுகருமில்ல ஒண்ணுமில்ல. சாமிக்கு உட்டுட்டேன்" என்றார்.

கதையை அவரே சொன்னார். என் கணவருக்கு ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்களாம். அத்தை அங்கிருந்தே நேராக அங்காளம்மன் கோயிலுக்குப் போய், குளத்தில் முங்கி, ஈரப் புடவையோடு நின்று கேட்டிருக்கிறார். "எனக்கு ரொம்பப் புடிச்சது இனிப்புதான். இனிமே சாவுற வரைக்கும் நாக்குல வைக்க மாட்டேன். எம்புள்ளய எனக்குக் குடுத்துடு." பிள்ளை பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவர் வாயில் வெல்லமில்லை, பாயசமில்லை, கோயில் பொங்கல்கூட இல்லை. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்க்குக் கொடுத்த பாலையும் பழத்தையும் கையால் மட்டும் தொட்டுவிட்டு வைத்துவிட்டார் என்று என் அம்மா அப்போது சங்கடப்பட்டது எனக்கு அதன் பிறகுதான் புரிந்தது.

ஆசையை விட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எந்தப் பந்தியிலும் பக்கத்து இலைக்காரரை அவர் நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை. "ஜாங்கிரி எப்படி இருக்குது? பாகு உள்ள எறங்கியிருக்குதா? கடிச்சா சொட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "நல்லாருக்குதுங்க" என்று ஒற்றை வார்த்தையில் முடித்தால் கோபம் வந்துவிடும். "நல்லாருக்குதுன்னா? மாடு கணக்கா முழுங்கிட்டு நல்லாருக்குதுன்னா எப்படி?" என்பார். தீபாவளிக்கு அவர் சுடும் அதிரசத்தை நான்தான் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். நான் மெல்லும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சில வருடங்களுக்கு முன் அவருக்கு மூட்டுவலி வந்தது. மாதம் ஒருமுறை புதுச்சேரிக்கு என் ஸ்கூட்டியில் அழைத்துப் போவேன். திரும்பும் வழியில் பொம்மையார்பாளையத்தில் ரோட்டோரம் ஒரு ஐஸ்கிரீம் கடை. நிவேதா என்று அந்த ஊர்ப் பெண், தன் கணவரோடு நடத்துகிறாள். ஆரோவில் பார்க்க வருகிறவர்களை இழுப்பதற்காக இல்லாத ருசியெல்லாம் போட்டுப் பார்ப்பாள். ஒரு சித்திரை வெயிலில் அத்தைக்குத் தலை சுற்றியதால் அங்கே நிறுத்தினேன். அத்தை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். பச்சை மிளகாய், புளி, மிளகு, வேப்பம்பூ, முருங்கைக்கீரை, கல்லுப்பு.

"கல்லுப்பா? உப்ப வித்துப் பொழைக்கிற எங்கிட்டயே உப்பு விக்கிறாளா?" என்று சத்தமாகவே கேட்டார்.

நிவேதா சிரித்துக்கொண்டே மரக்கரண்டியில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள். "டேஸ்ட் பாருங்க ஆயா, காசு வேணாம்."

"ஆயாவா? அத்தன்னு கூப்புடு. இன்னும் பல்லு இருக்குது எனக்கு."

கரண்டியை வாங்கினார். வாயருகே கொண்டு போனவர், நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா செல்வி, இது இனிப்புல சேருமா?"

எனக்குத் தெரியும். பால், சர்க்கரை, அதற்கு மேல்தான் உப்பு. தெரிந்தேதான் சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு எதைச் சொல்ல வாய் வரும்? "சேராது அத்தை. உப்புதானே."

"நீ படிச்சவ சொல்ற" என்றார். கரண்டி வாய்க்குள் போனது. கண்ணை மூடிக்கொண்டார். கரண்டி வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு மெதுவாக, "உப்புதான்" என்றார். ஒரு கப் வாங்கி, மரக்கரண்டி தேயும் வரை வழித்தார்.

அதிலிருந்து மூட்டுக்கு வைத்தியம் என்பது பெயருக்குத்தான். மாதம் ஒரு ருசி. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். பச்சை மிளகாய் சாப்பிட்ட அன்று, "வாய்க்குள்ள சண்ட நடக்குது செல்வி, யாரு ஜெயிப்பான்னு தெரியல" என்று மூக்கைச் சிந்தினார். வேப்பம்பூவை, "இது மருந்து, இதுல வேண்டுதலே கெடையாது" என்று இரண்டு கப் வாங்கினார். மாம்பழம், சாக்லேட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதெல்லாம் இனிப்பு. அவர் சட்டம் அவ்வளவு கறார். ஒரு முறை, "இது நைஸ் உப்பு, இதுல இன்னா ருசி இருக்குது?" என்று சொல்லி எங்கள் அளத்து உப்பை ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தார். நிவேதாவும் பயபக்தியோடு அதைப் போட்டுச் செய்து வைத்தாள். வாயில் வைக்க முடியவில்லை, கடல் தண்ணீர்தான். நானும் நிவேதாவும் ஓடிப் போய்த் துப்பினோம். அத்தை மட்டும் அசையாமல் உட்கார்ந்து, "இப்பதான் சரியா இருக்குது" என்று முழுக் கப்பையும் காலி செய்துவிட்டு, ஊர் வந்து சேரும் வரை மூன்று இடத்தில் தண்ணீர் கேட்டார்.

நான் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருடப் பசியை யாருக்கும் வலிக்காமல் தீர்த்துவைக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. ஒரு நாள் அத்தை கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "தப்புன்னா?" என்று கேட்டார். "தப்புன்னா பாவம் எனக்கு வரட்டும், நீங்க சாப்புடுங்க" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

போன மழைக்காலத்தில் என் கணவருக்கு டெங்கு வந்தது. ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போய், அதே புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். அத்தை வராந்தாவில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னார். "நான்தான் வாய அடக்கல. ஐஸ்கிரீம் தின்னேன். வயசான காலத்துல எனக்கு இன்னா நாக்கு? அதான் ஆத்தா எம்புள்ள மேல கைய வைச்சிட்டா."

ஒருமுறைகூட, 'செல்விதான் சேராதுன்னு சொன்னா' என்று அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் பக்கத்திலேயே, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். "அவங்க கேட்டாங்க, நான்தான் பொய் சொன்னேன்" என்று அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் சுமந்துகொண்டார், நான் சுமக்கவிட்டேன்.

என் கணவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். அன்று மாலையே அத்தை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சமையலறை வாசலில் நின்று சொன்னார். "செல்வி, இனிமே எனக்கு உப்பும் வேணாம். உப்பு உப்புன்னு சொல்லித்தான தின்னேன்? அதையும் உட்டுட்டேன்."

நான் மன்றாடினேன். "அத்தை, அது வேற இது வேற, வெயில்ல நிக்கிறவங்க நீங்க" என்றேன். "நீ சும்மா இரு" என்றார். அவர் என்னிடம் கடுமையாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். அதற்கு மேல் அழுத்திச் சொல்ல எனக்கு வாயில்லை. ஏற்கெனவே ஒரு வேண்டுதலில் கை வைத்தவள் நான். அதன் பிறகு தினமும் குழம்பில் உப்புப் போடுமுன் அவருக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்தேன். இந்தக் கையால்தான் எடுத்து வைத்தேன். பிரஷருக்கு அவர் சாப்பிடும் மாத்திரை உடம்பிலிருந்து உப்பை வெளியேற்றும் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இந்தக் கோடையில் அத்தை தடுமாற ஆரம்பித்தார். என்னை யார் யார் பெயரையோ சொல்லிக் கூப்பிட்டார். அளத்தில் நின்றுகொண்டு, 'இது யாரு பாத்தி?' என்று வேலையாட்களைக் கேட்டார். வெயில், வயசு என்று நினைத்தோம். ஒரு நாள் வரப்பில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது, வயசு, மாத்திரை, வெயில், உப்பில்லாச் சாப்பாடு எல்லாம் சேர்ந்துகொண்டது, ஒன்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று. ஆறுதலுக்காகச் சொன்னாரோ, உண்மையோ. எனக்கு அந்தக் கடைசி ஒன்றுதான் காதில் நிற்கிறது.

கருமாதி முடிந்த மறுநாள் கோயிலுக்குக் கிளம்பினேன். அத்தை விட்டதையெல்லாம் நானும் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இனிப்பு, உப்பு இரண்டும். அப்படியாவது இந்த நெஞ்சு அடங்கும் என்று நினைத்தேன். வாசலில் என் கணவர் மறித்துக்கொண்டு எங்கே என்று கேட்டார். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தை கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும், ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டு நின்றதையும்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. "எனக்காக ஒரு பொம்பள நாக்கக் கட்டிக்கினு செத்தது போதும். இன்னொருத்தி வேணாம். வண்டிய எடு" என்றார்.

பொம்மையார்பாளையம் போனோம். நிவேதாவுக்கு விஷயம் தெரியாது. "இத்தினி மாசமா ஆளையே காணோம், அத்த வரலியா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அத்தைக்குக் காட்ட வேண்டும் என்று புதிதாகச் செய்து வைத்திருந்ததாம், மோர்மிளகாய் போட்ட ஐஸ்கிரீம், இரண்டு கப் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. என் கணவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார்.

"காரம்" என்றார். பிறகு, "இல்ல செல்வி, இனிப்புதான்" என்றார். இன்னொரு கரண்டி எடுத்தார். "தெனம் அவங்க எதிர்லயே சக்கர போட்டு டீ குடிச்சேன். ஒரு நாளுகூட நெனச்சுப் பாக்கல. இம்மாம் ருசியயா எனக்காக உட்டாங்க?" என்று சொல்லி, கடையில் அத்தனை பேர் இருக்க, குழந்தைபோல அழுதார். அழுதுகொண்டே சாப்பிட்டார். என் கப்பையும் என் பக்கம் தள்ளினார். நானும் சாப்பிட்டேன்.

அத்தை, உங்கள் மகன் நன்றாக இருக்கிறார். நீங்கள் கேட்டீர்கள், தெரிந்தே பொய் சொன்னவள் நான். வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் உங்கள் தலையில் போட்டுக்கொண்டது என் குற்றம். அன்று அங்கே சொல்லத் தைரியமில்லாததை இன்று எல்லோரும் படிக்கும்படி எழுதிவிட்டேன். நீங்கள் எந்த வேண்டுதலையும் மீறவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.